தாத்தாவின் பல்செட்டில் இயற்பியல்

உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில், நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கும் கண்ணாடித் துண்டுகள் இருக்கும். ஸ்லைடு என்று சொல்வோமே, அவைதாம். இரண்டை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். மேலே உள்ளதைத் தூக்குங்கள். எளிதாக வந்துவிடும். இப்போது நடுவில் ஒரு சொட்டு நீர் விட்டு, மெல்ல அழுத்திவிட்டு, மறுபடியும் தூக்கிப் பாருங்கள். கீழே உள்ள துண்டும் ஒட்டிக்கொண்டு மேலே வரும். நேராக இழுத்துப் பிரிக்க முயன்றால் விரல் நகம்தான் வலிக்கும். ஆனால் பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு பிரிந்துவிடும்.

பசை இல்லை, ஆணி இல்லை, ஒரு சொட்டு நீர் மட்டுமே. இதே வித்தைதான் உங்கள் வீட்டுத் தாத்தா, பாட்டியின் வாயில் பல்செட்டைத் தாங்கி நிற்கிறது என்றால் நம்புவீர்களா?

நானும் பல ஆண்டுகள் இதை எண்ணிப் பார்த்ததில்லை. கல்லூரியில் பரப்பு இழுவிசையைப் பாடமாக நடத்துகிறேன். ஆனால் அந்தப் பாடம் என் வீட்டுக்குள் வந்தது என் தந்தையின் மூலமாகத்தான்.

எவர்சில்வர் டப்பாவில் கிடந்த பற்கள்

எங்கள் வீடு பெரம்பூரில். அப்பா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஈறு நோயால் ஆடிக்கொண்டிருந்த பற்களை எல்லாம் அவர் எடுத்துவிட நேர்ந்தது. பல் எடுத்த பத்தாம் நாளே ஓரிடத்தில் அளவெடுத்துப் பல்செட் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு தளர ஆரம்பித்தது. நான்காம் மாதம் பேசும்போதே கீழ்ச் செட் எழும்பியது. ஒரு கல்யாணப் பந்தியில் அது இலையில் விழுந்தது. அன்று வீட்டுக்கு வந்தவர் அதைக் கழுவி, ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, பீரோவின்மேல் வைத்துவிட்டார்.

அதன்பின் அப்பாவுக்குக் கஞ்சியும் குழைந்த சோறும்தான். அதுகூடப் பெரிதில்லை. மாலையில் பழைய பணிமனை நண்பர்களோடு டீக்கடை முன் நின்று மணிக்கணக்கில் அரசியல் பேசுகிறவர், அங்கே போவதையே நிறுத்திவிட்டார். வீட்டுக்கு யாராவது வந்தால் துண்டால் வாயை மூடிக்கொண்டு பேசுவார். பல் இழப்பது சோற்றை மட்டும் பாதிப்பதன்று. மனிதரை மனிதரிடமிருந்தும் பிரிக்கிறது. இதை நான் அப்போதுதான் உணர்ந்தேன்.

“வயசாயிடுச்சுப்பா, அவ்ளோதான்” என்றார் அவர். அது வயதின் குற்றமா? அல்லது இயற்பியல் கவனிக்கப்படாமல் போனதன் குற்றமா? பார்ப்போம்.

ஒரு சொட்டு நீரின் வலிமை

கண்ணாடித் துண்டுகளுக்குத் திரும்புவோம். நீர் மூலக்கூறுகள் கண்ணாடியைப் பற்றிக்கொள்கின்றன. இது வேற்றினக் கவர்ச்சி. அவை ஒன்றையொன்றும் பற்றிக்கொள்கின்றன; இது ஓரினக் கவர்ச்சி. இரண்டும் சேர்வதால் நீர்ப்படலத்தின் விளிம்பு உட்குழிந்து வளைகிறது. வளைந்த பரப்பின் உள்ளே அழுத்தம் குறைவு. வெளியே காற்றின் அழுத்தம் அதிகம். எனவே வெளிக்காற்று இரண்டு துண்டுகளையும் இருபுறமும் நெருக்கிப் பிடிக்கிறது. நீர் இழுக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் காற்றுதான் அழுத்துகிறது!

அழுத்த வேறுபாட்டைக் கணக்கிடுவது எளிது. பரப்பு இழுவிசையை இரண்டால் பெருக்கி, இடைவெளியால் வகுத்தால் போதும். திரவம் பரப்பை முழுவதும் நனைக்கிறது என்று கொள்வோம். மேல் பல்செட் அண்ணத்தில் படியும் பரப்பு சுமார் 23 சதுர செ.மீ. உமிழ்நீரின் பரப்பு இழுவிசை நீரைவிடச் சற்றுக் குறைவு, மீட்டருக்கு 0.055 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 0.1 மி.மீ. என்றால் தாங்கும் விசை ஏறக்குறைய 2.5 நியூட்டன், அதாவது 250 கிராம் எடைக்குச் சமம். மேல் பல்செட்டின் எடையோ இருபது கிராம் அளவுதான். ஆகவே அது கவலையின்றித் தொங்கும்.

இடைவெளி 1 மி.மீ. ஆகிவிட்டால்? விசை பத்தில் ஒரு பங்காகி, 25 கிராமுக்கு இறங்கிவிடும். பல்செட் தன் எடையைத் தானே தாங்குவதற்குள் தீர்ந்துவிடும். ஒரு வாய் ஒட்டும் அல்வா போதும், கழன்றுவிட!

இன்னொரு விசையும் உண்டு. இரண்டு தட்டுகளைத் திடீரெனப் பிரித்தால், நடுவே உண்டாகும் இடத்தை நிரப்பத் திரவம் விளிம்பிலிருந்து உள்ளே பாய வேண்டும். பாகுத்தன்மை அதைத் தடுக்கிறது. இதை ஆராய்ந்து 1874இல் விதி கண்டவர் ஆஸ்திரிய அறிஞர் ஜோசப் ஸ்டெஃபான். வெப்பக் கதிர்வீச்சுப் பாடத்தில் ஸ்டெஃபான் விதி என்று படிப்பீர்களே, அதே ஸ்டெஃபான்தான். இங்கே தடுக்கும் விசை இடைவெளியின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. இடைவெளியைப் பாதியாக்கினால் விசை எட்டு மடங்காகும். இரு மடங்காக்கினால் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே பல்செட்டைப் பொறுத்தவரை எல்லாம் இடைவெளியில்தான் இருக்கிறது.

மூன்றாவதாக, விளிம்பு. செட்டின் ஓரம் கன்னத்தின் மென்மையான தசையோடு முழுவதும் பொருந்தி நின்றால் உள்ளே காற்று புக முடியாது. காற்று புகாதவரை கழற்றுவது கடினம். அதனால்தான் பல்செட் அணிபவர்கள் ஒரு விரலால் ஓரத்தைச் சற்றே நெம்பி, காற்றை உள்ளே விட்டுப் பிறகு கழற்றுகிறார்கள்.

கீழ்ச் செட்டின் கஷ்டம்

பல்செட் கட்டிய யாரைக் கேட்டாலும், “மேலே பரவாயில்லை, கீழேதான் தொல்லை” என்பார்கள். காரணம் உண்டு. மேலே அண்ணம் முழுவதும் கிடைக்கிறது. கீழே நாக்குக்கு இடம் விட வேண்டும் அல்லவா? ஆகவே குதிரை லாடம் போன்ற ஒரு குறுகிய மேடைதான் மிஞ்சும். அதன் பரப்பு மேல் பரப்பில் ஏறக்குறையப் பாதி. போதாக்குறைக்கு, கீழ்த்தாடையில் உமிழ்நீர் குளம் போலத் தேங்கி விளிம்புகளை மூழ்கடித்துவிடுகிறது. விளிம்பு மூழ்கினால் வளைந்த பரப்பு ஏது? பரப்பு இழுவிசை ஏது? சந்தேகம் இருந்தால் உங்கள் கண்ணாடித் துண்டுகளை ஒரு தொட்டி நீருக்குள் வைத்து மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். சுலபமாகப் பிரியும்.

எனவே கீழ்ச் செட்டை நிறுத்துவது பெரும்பாலும் அதன் எடையும், இருபுறமும் அணைக்கும் நாக்கும் கன்னத் தசைகளுமே. சைக்கிள் ஓட்டப் பழகுவதைப் போல, அந்தத் தசைகள் சில வாரங்களில் பழகிக்கொள்ள வேண்டும்.

சுருங்கும் எலும்பு

சரி, முதல் மாதம் பொருந்திய செட் நான்காம் மாதம் ஏன் பொருந்தவில்லை? செட் மாறவில்லை. அப்பாவின் தாடைதான் மாறிவிட்டது.

எலும்பு செங்கல் சுவர் அன்று, உயிருள்ள திசு. தன்மீது வரும் சுமைக்கேற்பத் தன்னைக் கட்டிக்கொள்ளவும் கரைத்துக்கொள்ளவும் செய்யும். ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வூல்ஃப் 1892இல் இதை ஒரு விதியாகவே எழுதினார். பல் இருக்கும்வரை, அதன் வேரைச் சுற்றியுள்ள நார்கள் மெல்லும் விசையை எலும்புக்குக் கொண்டு செல்கின்றன. பல் போனால் அந்த எலும்புக்கு வேலை போய்விடுகிறது. ஆகவே அது கரைகிறது. பல் எடுத்த முதல் சில மாதங்களில் இது வேகமாக நடக்கிறது. பிறகு வேகம் குறைந்தாலும் ஆயுள் முழுவதும் நிற்பதில்லை. பல்லில்லாதவர்களின் தாடைகளை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்த ஆன்ட்யே டால்கிரென் என்ற பல் மருத்துவ அறிஞர் 1972இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கீழ்த்தாடை மேல்தாடையைப் போலச் சுமார் நான்கு மடங்கு தேய்கிறது என்று அவர் கண்டார்.

இப்போது புரிகிறதா? பத்தாம் நாள் எடுத்த அளவு, நான்காம் மாதத் தாடைக்குச் சொந்தமானதன்று. அதனால்தான் பல் மருத்துவர்கள் வழக்கமாக ஈறு ஆறுவதற்கு இரண்டு மூன்று மாதம் பொறுத்து அளவெடுக்கிறார்கள். பல் எடுத்த அன்றே செட் மாட்டும் முறையும் உண்டு. ஆனால் அதற்குச் சில மாதங்கள் கழித்து உட்புறத்தில் புதிய பூச்சு கொடுத்து இடைவெளியை அடைக்க வேண்டும். அப்பாவுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஸ்பிரிங் முதல் பிளாஸ்டிக் வரை

இடைவெளியின் அருமை தெரியாத காலத்தில் மனிதர் பட்ட பாடு கொஞ்சமன்று. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1789இல் பதவி ஏற்றபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான். அவருடைய பல்செட்டுகள் மரத்தால் ஆனவை என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், மனிதப் பற்கள், ஈயம் ஆகியவற்றால் ஆனவை அவை. மேல் செட்டையும் கீழ்ச் செட்டையும் ஸ்பிரிங்குகள் பிரித்துத் தள்ளிக்கொண்டிருக்கும். வாயை மூடி வைத்திருப்பதே ஒரு வேலை!

1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி வலுவாக்கினார். கந்தகம் கூடினால் ரப்பர் கெட்டியாகும். அந்தக் கெட்டி ரப்பரை வாயின் அச்சுக்கு ஏற்ப வார்க்கலாம். இடைவெளி குறைந்தது, ஸ்பிரிங்குகளுக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் நிறம் ஈறு போலில்லாமல் மங்கிய சிவப்பாக இருந்தது. 1937இல் வால்டர் ரைட் என்பவர் அக்ரிலிக் பிளாஸ்டிக்கைப் பல்செட்டுக்கு அறிமுகப்படுத்தினார். இன்றும் பெரும்பாலான பல்செட்டுகள் அதில்தான் செய்யப்படுகின்றன. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்களில் தெறித்த இதே பிளாஸ்டிக் துணுக்குகளைக் கண் ஏற்றுக்கொண்டதை ஹெரால்டு ரிட்லி கவனித்தார். 1949இல் கண்ணுக்குள் வைக்கும் லென்சை இதில்தான் செய்தார். மதுரையில் 1992 முதல் ஆரோலேப் நிறுவனம் கண்லென்சுகளைத் தயாரிக்கிறது. பல்செட்டும் கண்லென்சும் ஒரே வம்சம் என்று சொல்லலாம்!

கடற்பாசியும் சுவாமிமலையும்

அப்பாவைச் சமாதானப்படுத்தி, பெரம்பூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரலுக்கு அழைத்துப் போனேன். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது அது. ஒரே நாளில் முடியும் வேலையன்று. ஐந்தாறு முறை போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது.

முதலில் அளவெடுப்பு. நீரில் குழைத்த ஒரு பொடியை வாயில் வைக்கிறார்கள்; சில நிமிடத்தில் அது ரப்பர் போல இறுகுகிறது. அதன் பெயர் ஆல்ஜினேட். பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைப்பது. மண்டபம், இராமேசுவரம் பக்கத்துக் கடலில் நம் மீனவப் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் பாசிகளில் இந்த இனமும் உண்டு. அந்த அச்சில் ஜிப்சத்திலிருந்து செய்த பொடியைக் கரைத்து ஊற்றினால் தாடையின் நகல் கிடைக்கும். ஜிப்சம் இறுகும்போது சூடாகும். தொட்டுப் பார்த்தால் தெரியும்.

அடுத்த முறை விளிம்புக்கு அளவு. ஒரு பச்சை நிறக் குச்சியை உருக்கி ஓரத்தில் வைத்து, “ஐயா, ‘ஊ’ சொல்லுங்க, ‘ஈ’ சொல்லுங்க, நாக்கை நீட்டுங்க” என்றார் மருத்துவர். கன்னமும் உதடும் நாக்கும் அசையும்போது அவையே விளிம்பைச் செதுக்கிக்கொள்கின்றன. காற்று புகாத விளிம்பு இப்படித்தான் பிறக்கிறது.

பிறகு மெழுகில் பற்களை அடுக்கி, வாயில் வைத்துப் பார்த்து, திருத்தி, அந்த மெழுகு உருவத்தை ஜிப்சம் அச்சுக்குள் புதைக்கிறார்கள். கொதிநீரால் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் அக்ரிலிக் மாவை அடைக்கிறார்கள். இதை எங்கோ கேட்டது போல இருக்கிறதா? சுவாமிமலைச் சிற்பிகள் பஞ்சலோகத் திருமேனிகளை வார்ப்பதும் இதே முறையில்தான்!

அக்ரிலிக் என்பது பொடியும் திரவமும் சேர்ந்த மாவு. திரவம் சூட்டில் பலபடியாக மாறி இறுகுகிறது. அப்போது தானும் வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்தத் திரவம் கொதிப்பதோ சுமார் 100 டிகிரி செல்சியசில். அவசரப்பட்டுக் கொதிநீரில் போட்டால், உள்ளே வெப்பநிலை அதற்கும் மேல் ஏறி, திரவம் ஆவியாகிக் குமிழிகள் உண்டாகும். இட்லியில் குமிழி வேண்டும், பல்செட்டில் கூடாது. அதில் அழுக்கும் கிருமியும் தங்கும், செட்டும் உடையும். ஆகவே 74 டிகிரியில் மணிக்கணக்காகப் பொறுமையாக வேகவைக்கிறார்கள்.

இயற்கையாகத் தோன்ற

அப்பாவுக்கு ஒரு பயம் இருந்தது. “வெள்ளை வெளேர்னு வச்சா சினிமா வில்லன் மாதிரி இருக்கும்பா” என்றார். அவர் பயம் நியாயமே. இயற்கைப் பல் ஒரே வெள்ளையன்று. மேலே ஒளி புகும் பளிங்கு போன்ற எனாமல்; அடியில் மஞ்சள் கலந்த தந்தினி. ஒளியின் ஒரு பகுதி மேலேயே திரும்புகிறது. மீதி உள்ளே போய்ச் சிதறி வருகிறது. பல்லின் நுனியில் மெல்லிய நீலச் சாயல் தெரிவதும், வானம் நீலமாகத் தெரிவதும் ஒளிச்சிதறலால்தான். நல்ல செயற்கைப் பல்லையும் இப்படி அடுக்கடுக்காகவே செய்கிறார்கள்.

நிறம் பார்க்க மருத்துவர் அப்பாவை ஜன்னலோரம் அழைத்துப் போனார். ஜவுளிக்கடையில் சேலையை வாசலுக்கு எடுத்துவந்து பார்ப்பார்களே, அதே காரணம்தான். குழல் விளக்கில் ஒன்றாகத் தோன்றும் இரு நிறங்கள் பகல் ஒளியில் வேறாகத் தோன்றலாம். பழைய புகைப்படம் ஒன்றையும் கேட்டார். அதில் அப்பாவின் முன்பல் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது. புதிய செட்டிலும் அப்படியே திருப்பி வைத்தார்கள். அந்தச் சிறு கோணல்தான் முகத்தை அப்பாவின் முகமாக்கியது.

கடிப்பதும் பேசுவதும்

செட் மாட்டிய நாளன்று பற்களுக்கிடையே ஒரு நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார்கள். முதலில் மோதும் இடங்களில் நீலம் படியும். அங்கே மட்டும் தேய்த்தார்கள். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. “நாங்களும் பேரிங்குக்கு இப்படித்தான் புளூ தடவிப் பார்ப்போம்! அதே வேலைதான்பா இது!” அதுவரை நோயாளியாக உட்கார்ந்திருந்தவர், அந்த நொடியிலிருந்து ஃபிட்டராக உட்கார்ந்தார்.

ஏன் இந்தத் திருத்தம்? பல்செட் ஒரு நெம்புகோல். முன்பல்லால் கொய்யாவைக் கடித்தால் முன்புறம் ஒட்டி, பின்புறம் ஏற்றப்பலகை போலத் தூக்கும், விளிம்பில் காற்று புகும், அவ்வளவுதான். ஆகவே உணவைச் சிறு துண்டுகளாக்கி, பின்பற்களில் இருபுறமும் சேர்த்து மெல்ல வேண்டும். எத்தனை நன்றாகப் பொருந்தினாலும் பல்செட்டின் மெல்லும் விசை இயற்கைப் பற்களின் விசையில் நாலில் அல்லது ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஏமாற்றமில்லை.

பேச்சுக்கும் பயிற்சி தேவை. ‘த’, ‘ந’ என்ற ஒலிகளுக்கு நாக்கு மேற்பல்லைத் தொட வேண்டும். ‘வ’ என்பதற்கு மேற்பல்லும் கீழுதடும் சேர வேண்டும். தொல்காப்பியத்தின் பிறப்பியலிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. தினமும் அரைமணி நேரம் செய்தித்தாளை உரக்கப் படித்தார் அப்பா. மூன்றே வாரத்தில் குழறல் போயிற்று.

காபியில் மட்டும் ஒரு முறை ஏமாந்தார். அக்ரிலிக் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அண்ணத்துக்குச் சூடு தெரியவில்லை, தொண்டைக்குத்தான் தெரிந்தது!

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள் வீட்டிலும் ஒரு டப்பாவில் பல்செட் தூங்கிக்கொண்டிருக்கலாம். தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேளுங்கள். தளர்ந்த செட்டை உட்பூச்சு கொடுத்துச் சரிசெய்ய முடியும். முடியாவிட்டால் புதிது கட்டலாம். வீட்டில் அரத்தால் ராவவோ, பசை போட்டு ஒட்டவோ கூடாது. இரவில் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷால் சோப்பு நீரில் கழுவி, சாதாரண நீரில் போட்டு வைக்க வேண்டும். கொதிநீரில் போட்டால் வடிவம் கோணும், மறுபடி இடைவெளி! வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும். வசதி உள்ளவர்களுக்கு, 1965இல் ஸ்வீடன் நாட்டு பிரானமார்க் தொடங்கிவைத்த டைட்டேனிய வேர் முறையும் உண்டு. தாடையில் இரண்டு வேர்கள் ஊன்றினாலே கீழ்ச் செட் அசையாமல் நிற்கும்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். எத்தனை விசைகளை எத்தனை நுட்பமாகக் கணக்கிட்டாலும், நாம் பெறுவது இயற்கைப் பல்லின் ஐந்தில் ஒரு பங்கே. ஆகவே இன்றிரவு படுக்கப் போகுமுன் பல் துலக்க மறக்காதீர்கள்.

அப்பாவின் எவர்சில்வர் டப்பா இப்போதும் எங்கள் வீட்டில் இருக்கிறது. இரவில் அதில் நீர் ஊற்றிப் பல்செட்டைப் போட்டு வைக்கிறார். மாலையில் அது காலியாக இருக்கும். அப்பா டீக்கடை முன் நின்று பேசிக்கொண்டிருப்பார்.